நான் பின்னாடிதான் இருக்கேன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை, உலகமே புரண்டாலும், இரண்டு மணி நேரம் தூங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். சிலர் மலையேறுகிறார்கள். சிலர் கடலை நீந்திக் கடக்கிறார்கள். ஒன்பது மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு மனிதன் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கண்ணை மூடுவது அதையெல்லாம்விடப் பெரிய சாதனை.

இத்தனைக்கும் குழந்தை மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவள் அருமையாகத் தூங்குவாள். நாங்கள்தான் தூங்கக் கூடாது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது என் மனைவி போட்ட சட்டம்.

"என்னங்க, மூச்சு விடுறாளா?"

"விடுறா."

"பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

"பாத்தேன்மா."

"எத்தனை தடவை விட்டா?"

என் மனைவிக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டுக்குப் பயம், பாதியில் நின்றுவிடுமாம். படிக்கட்டுக்குப் பயம், உருண்டால் பாதியில் நிற்காதாம். மேல்வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள். வெடிக்கிற பலூனுக்குப் பயம். வெடிக்காமல் இருக்கிற பலூனுக்கு அதைவிடப் பயம், எப்போது வெடிக்குமோ.

நானோ கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இருட்டு அறை. குளுகுளு காற்று. எதிரே ஒருவர் மெதுவான குரலில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். தாலாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாரப் புதன்கிழமை ஒரு வனக் காவலர் கண்ணாடி போட வந்தார். "கடைசி வரியை வாசிங்க" என்றேன். வாசித்தாராம். மேலிருந்து கீழாக நான்கு தடவை வாசித்தாராம். பொழுது போகாமல் கீழிருந்து மேலாகவும் வாசித்தாராம். நான் கண் விழித்தபோது அவர் பக்கத்தில் என் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல தூக்கமா?"

"கண்ணை மூடி யோசிச்சுட்டிருந்தேன் சார்."

"வாசல் வரைக்கும் கேக்குற மாதிரி குறட்டை விட்டு யோசிச்சே. இன்னொரு தடவை இங்க தூங்கினா, வீட்டுலயே நிம்மதியாத் தூங்கலாம். வேலைக்கு வரவே வேண்டாம்."

வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்புகிறாரே, அந்த அப்பாவி மனிதரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இதை மனைவியிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் பலூனுக்குப் பக்கத்தில் என் வேலையும் ஒரு பயமாகத் தொங்க ஆரம்பித்துவிடும்.

வனக் காவலர் நல்ல மனிதர். முதலாளி போனதும் என் தோளைத் தட்டினார்.

"விடுங்க சார். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட எங்க காட்டுக்கு வாங்க. வட்டப் பாதை ஒண்ணு இருக்கு. நாலு கிலோமீட்டர். மேடு பள்ளமே கிடையாது. குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கிட்டுப் போகலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வண்டியோடன்னா ரெண்டு மணி நேரம். சுத்தி வந்தா கிளம்பின வாசலுக்கே வந்து சேருவீங்க."

"வழி தவறிட்டா?"

"ஒரே பாதை சார். தொலைஞ்சு போகணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது."

"நிழல்ல பெஞ்சு ஏதாவது?"

"நுழைஞ்ச உடனே முதல் வளைவுல ஒண்ணு. நல்ல அகலம்."

அகலம் என்று கேட்டதும் என் மூளை துள்ளி எழுந்தது.

வட்டத்தின் மகிமையை அன்றுதான் உணர்ந்தேன். மனைவி குழந்தையோடு சுற்றி வரட்டும். நான் பெஞ்சில் அசையாமல் கிடந்தால் போதும். சுற்றி முடித்து வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்துக்கு எழுந்து அவள் பின்னால் போய் நின்றுகொள்வேன். கூடவே நடந்த மாதிரி ஆகிவிடும். பூமிகூடத்தான் சூரியனைச் சுற்றுகிறது. சூரியன் என்ன கூடவே நடக்கிறதா?

அவள் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பார்க்க மாட்டாள். அவள் படித்தது கான்வென்ட்டில். பன்னிரண்டு வருடம், பின்னால் சிஸ்டர் காவலாக வர, வரிசையில் நடந்து நடந்தே வளர்ந்தவள். வரிசையில் யார் திரும்பிப் பார்த்தாலும் மொத்த வகுப்பும் மணிக்கூண்டிலிருந்து மறுபடி நடக்க வேண்டும் என்று அங்கே ஒரு தண்டனை. அந்தப் பயம் அவள் கழுத்தில் அப்படியே நின்றுவிட்டது. கல்யாண ஊர்வலத்தில் நான் தடுக்கி விழுந்தபோதுகூட அவள் திரும்பவில்லை.

பார்க்கத்தான் மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டடிக்கு ஒரு தடவை "வர்றீங்களா?" என்பாள். பதில் வர வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. மூன்று வருடத் தாம்பத்தியத்தில் நான் என் மனைவியிடம் பேசிய வசனங்கள் மொத்தம் ஆறு. 'ம்.' 'ஆமா.' 'சரிம்மா.' 'வர்றேன் வர்றேன்.' 'நீ சொன்னா சரிதான்.' ஆறாவது, கொஞ்சம் நீளம்: 'பயப்படாதே, நான் பின்னாடிதான் இருக்கேன்.' இந்த ஆறையும் வைத்துக்கொண்டு வாடகை வீடு மாறியிருக்கிறோம். குழந்தையே பெற்றிருக்கிறோம். நாலு கிலோமீட்டர் நடக்க முடியாதா?

மதியச் சாப்பாட்டு வேளையில் பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் பதிவு செய்தேன். கண்ணாடி சுற்றி வருகிற தாளைத் தரையில் பரப்பி, நின்ற இடத்திலேயே மிதித்தேன். அசல் சருகுச் சத்தம். மிதி, மிதி, "ம்". மிதி, மிதி, "சரிம்மா". நடுவில் ஒரு இருமல், இயல்பாக இருக்கட்டும் என்று. கதவு திறந்தது. முதலாளி.

"யாரோட பேசிட்டிருக்கே?"

"வீட்டுல சார்."

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "என் வீட்டுலயும் இதேதான்," என்று பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தினார். காலடியில் கிடந்த தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. மனைவியோடு பேசும்போது ஒரு ஆண் எதையாவது மிதிப்பது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்கும்.

எட்டு நிமிடப் பதிவு. முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். அதுவும் என்னைப் போலத்தான்.

இனி, மனைவியைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

"காட்டுக்கா? கைக்குழந்தையோடயா?"

"டாக்டரே உன்னை நடக்கச் சொன்னார்ல."

"அவர் வராந்தாவுல நடக்கச் சொன்னார்."

"சமதளம்மா. மேடே இல்ல."

"சமதளத்துலதான் பாம்பு வேகமா வரும்."

"வனக் காவலர் இருக்கார்."

"ஏன் காவல் போட்டிருக்காங்க? ஆபத்து இருக்கறதாலதானே?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"நீ முன்னாடி போ. நான் பத்தடி தள்ளிப் பின்னாடியே காவலா வர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. "சிஸ்டர் மாதிரியா?"

"சிஸ்டர் மாதிரியேதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவியின் முதுகுப்பைக்குள் இரண்டு குடை, கொசு மருந்து, கட்டுத்துணி, விசில், டார்ச்சு, டார்ச்சு அணைந்தால் இன்னொரு டார்ச்சு. எல்லாவற்றுக்கும் மேலே கையில் ஒரு தலையணை.

"தலையணை எதுக்கு?"

"இருக்கட்டும். வேணும்."

"காட்டுல யார் தூங்கப் போறா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டீங்களா? ஒரு மாசமாச் சொல்றேன். கீச்சு கீச்சுன்னு கத்துது."

"சரிம்மா."

போய்ச் சேர்ந்தோம். காவலர் குடிசைக்குப் பின்னால் நிழலில் காரை நிறுத்தினேன். சாவி முதுகுப்பைக்குள், தலையணை பின் இருக்கையில். காவலர் புதுக் கண்ணாடியோடு ஓடி வந்தார்.

"சார்! இலையெல்லாம் தனித்தனியாத் தெரியுது! இத்தனை வருஷமா பச்சையா ஏதோ இருக்குன்னு மட்டும்தான் தெரியும்!"

காட்டைக் காத்தவர் சொல்கிறார்.

மனைவி வரிசையை அறிவித்தாள். "நான் முன்னாடி. நீங்க பத்தடி தள்ளி. நான் கேட்டா உடனே பதில் சொல்லணும். விளையாட்டுக்குக்கூட ஒளிஞ்சுக்கக் கூடாது."

"பை வார் முறுக்கிட்டிருக்கு, இரு," என்று அவள் முதுகுப்பையைச் சரிசெய்கிற சாக்கில் செல்போனை வலைப்பைக்குள் செருகி, பதிவை ஓடவிட்டேன். முதல் வளைவில், பெஞ்சு கண்ணில் பட்டதும், ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"வர்றீங்களா?"

"வர்றேன் வர்றேன்," என்றது பை.

"இந்தக் கொடி என்னவோ மாதிரி இருக்குல்ல?"

"ஆமா."

"தொட வேணாம், என்ன?"

"நீ சொன்னா சரிதான்."

நானும் என் மனைவியும் பேசிக்கொண்டே போய் மரங்களுக்குள் மறைந்தோம். பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு ஒற்றுமையான தம்பதியை நான் கண்டதில்லை.

பெஞ்சில் படுத்தேன். அகலம், காவலர் சொன்னது பொய்யில்லை. கண்ணை இறுக மூடினேன்.

தூக்கம் வரவில்லை.

என்ன அநியாயம்! நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, கேட்பார் இல்லை. ஏதோ ஒரு பறவை பக்கத்தில் கீச்சு கீச்சென்று பாடிக்கொண்டு போனது. என்ன இனிமை! அப்படியும் வரவில்லை. ஒன்பது மாதப் பழக்கம், காது யாருடைய மூச்சையாவது தேடுகிறது. கண்ணைத் திறந்தேன். பெஞ்சுக் கைப்பிடியில் ஒரு வண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது மூச்சு விடுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

அவள் "பாம்பு!" என்று கத்தினால் பை என்ன சொல்லும்? "நீ சொன்னா சரிதான்" என்று சொல்லும்.

போகட்டும். அவள் கையில் குழந்தையை எடுத்துக்கொண்டு, "இவளைக் கொஞ்சம் பிடிங்க" என்றால்? பை "சரிம்மா" என்று சொல்லும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். திரும்பிப் பார்க்காமலே குழந்தையைப் பின்னால் நீட்டுவாள். வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

எழுந்து ஓடினேன்.

"ஏய்! நில்லு! குழந்தையை நீட்டாதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். போன் செய்யலாமென்று சட்டைப்பையில் கை விட்டால், போன் அவள் முதுகில் எனக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பாதையோரத்து முதல் அடையாளக் கல் வந்தது. ஆள் இல்லை. இரண்டாவது கல். இல்லை. குட்டை. இல்லை. குழந்தை வண்டியோடு ஒரு பெண் எவ்வளவு வேகமாகப் போக முடியும்? பாம்பு துரத்தினால் எவ்வளவு வேகமும் போக முடியும். இன்னும் வேகமாக ஓடினேன். பள்ளியில் நூறு மீட்டரில் கடைசியாக வந்தவன், நாலு கிலோமீட்டரை முடித்து வாசலுக்கு வந்து நின்றபோது, அங்கேயும் யாரும் இல்லை. தூரத்தில் காவலர் தன் குடிசை ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குக் கையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு யோசித்தேன்.

முன்னால் இல்லை என்றால் பின்னால். நான் குட்டையைப் பார்த்துக்கொண்டு ஓடியபோது மரத்தடியில் ஒதுங்கியிருப்பாள். எதிர்ப்பக்கமாக ஓடினால் சந்தித்தே ஆக வேண்டும். வட்டம் அப்படித்தான்.

எதிர்ப்பக்கமாக ஓடினேன். மூன்று குரங்குகளைச் சந்தித்தேன். மனைவியைச் சந்திக்கவில்லை. வட்டத்தின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது.

எட்டாவது கிலோமீட்டரில் நடை தள்ளாடியது. கண்ணீரா வியர்வையா தெரியவில்லை. வேலை போனால் போகட்டும். இந்த ஜென்மத்தில் தூங்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறேன், அவர்கள் இரண்டு பேரும் முழுசாகக் கிடைத்தால் போதும். இப்படி வேண்டிக்கொண்டே காவலர் முன்னால் போய் விழுந்தேன்.

"ஐயா! என் சம்சாரம்... குழந்தை... காட்டுக்குள்ள..."

காவலர் உதட்டில் விரல் வைத்தார்.

"ஷ்! சத்தம் போடாதீங்க சார். தூங்குறாங்க."

குடிசைக்குப் பின்னால், என் கார். நாலு கதவும் காற்றுக்குத் திறந்திருந்தன. பின் இருக்கையில், தலையணையில் தலை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு என் மனைவி. அவள் அணைப்பில் என் மகள். இருவருக்கும் நடுவில் என் செல்போன்.

"ம்... ஆமா... பயப்படாதே, நான் பின்னாடிதான் இருக்கேன்..."

காவலர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குழந்தையையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"மூச்சு விடுதான்னு பாக்கறேன் சார். தங்கச்சி அந்த வேலையைத்தான் குடுத்திருக்கு. சும்மா குடுக்கல, பத்தடி தள்ளி நிக்க வெச்சு, அறிவிப்புப் பலகையில இருக்கற பொடி எழுத்தை வாசிக்கச் சொல்லிப் பாத்துட்டுதான் குடுத்துச்சு. நீங்க போட்ட கண்ணாடி பிரமாதம் சார். ஒவ்வொரு மூச்சும் தெரியுது."

"நான் முதல் தடவை வந்தப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சத்தம் போடக் கூடாதுன்னு உத்தரவு. அதான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். நீங்களும் ஆட்டிட்டு ஓடிட்டீங்க. உடற்பயிற்சின்னு நினைச்சேன்."

பேச்சுக் கேட்டு என் மனைவி கண் விழித்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் சிவப்பு இல்லை.

"வந்துட்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேனா? எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கேன்! நீ எப்படி இங்க வந்தே?"

"தண்ணி பாட்டிலை எடுங்கன்னேன். 'சரிம்மா'ன்னீங்க. எடுக்கல. அது வழக்கம்தானே, எனக்குச் சந்தேகமே வரல."

"அப்புறம்?"

"முதல் கல்லுகிட்ட, 'நேத்து நாம போட்ட சண்டையில தப்பு என்மேலதான்'னு சொன்னேன். 'ம்'னு மட்டும் சத்தம் வந்துச்சு. நெஜமா நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா? இன்னொரு தடவை சொல்லுன்னு பாதையை மறிச்சுட்டு நின்னிருப்பீங்க. பன்னெண்டு வருஷப் பழக்கம், மொத தடவையாத் திரும்பிப் பாத்தேன். ஆளைக் காணோம். அழுகையே வந்துடுச்சு. அப்பப் பார்த்து பை சொல்லுது, 'பயப்படாதே, நான் பின்னாடிதான் இருக்கேன்'னு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பதிவை நிறுத்திட்டு வண்டியைத் திருப்பினேன். பெஞ்சுல கண்ணை இறுக்க மூடிட்டுப் படுத்திருந்தீங்க. தூங்கறீங்க பாவம்னு, எழுப்பாம உங்களைத் தாண்டிப் பூனை மாதிரி வந்தேன். இந்தச் சக்கரம்தான் கீச்சு கீச்சுன்னு கத்திச்சு."

அந்தப் பறவை.

"உங்க முதலாளி சொன்னதை இவர் சொன்னார். என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவேன்னு."

"பயப்பட்டா என்ன? பயந்ததாலதானே தலையணை எடுத்துட்டு வந்தேன்? போன வாரம் கையில கரண்டியைப் பிடிச்சுட்டே தூங்கினீங்க. கார்ல ரெண்டு மணி நேரம் தூங்குங்க, நான் வாசல்ல குழந்தையை வெச்சுட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லத்தான் நினைச்சேன். காவலா வர்றேன்னு நீங்களே ஆசையாக் கேட்டீங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

நான் தலையணையைப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே ஒரு தலையின் பள்ளம் இருந்தது. என்னுடையது இல்லை.

"சரி, நடந்தது நடந்துடுச்சு," என்று அவள் தன் போனை எடுத்தாள். "தூங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சில விஷயம் பேசி முடிச்சுட்டேன். கேளுங்க."

போனில் அவள் குரல்: "வண்டிக்கு இன்னைக்கே எண்ணெய் போட்டுடறீங்களா?"

என் குரல்: "சரிம்மா."

"இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க குழந்தையைத் தள்ளிட்டு இந்தப் பாதையைச் சுத்தறீங்க. நான் கார்ல தூங்கறேன்."

"நீ சொன்னா சரிதான்."

"ஒரு சுத்து போதாது. ரெண்டு?"

மிதி, மிதி, இருமல். "ஆமா."

"செல்லாது!" என்று கத்தினேன். "அது நான் இல்ல!"

"குரல் உங்களுதுதான் சார்," என்றார் காவலர், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சாட்சி."

"குழந்தையை விட்டுட்டுத் தனியாக் கார்ல தூங்குவியா? பயமா இருக்காதா உனக்கு?"

"இருக்கும். அதுக்குத்தான் உங்க பதிவு இருக்கே. அதைக் கேட்டா இவளும் தூங்கறா, நானும் தூங்கறேன். நீங்க நேர்ல சொல்றப்ப இப்படி இருக்கறதில்லைங்க. பாதியிலயே கொட்டாவி விடுவீங்க."

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. வேலை பிழைத்தது. கடையில் நான் இப்போது தூங்குவதில்லை. வீட்டிலும் மூச்சு எண்ணுகிற சட்டம் ரத்தாகிவிட்டது. தினமும் விளக்கை அணைத்ததும் என் மனைவி பதிவை ஓடவிடுவாள். 'பயப்படாதே' வருவதற்குள் இருவரும் தூங்கிவிடுகிறார்கள்.

நானும் தூங்குகிறேன், கூடத்து சோபாவில். உள்ளே படுத்தால் என் குறட்டை என் குரலைத் தொந்தரவு செய்கிறதாம்.